காட்பாடில வீடு வாங்குன கதை, புரோக்கருக்கு 3 ஸ்டார்

காந்தி நகர் பக்கம் ஒரு தனி வீடு முடிச்சோம், புரோக்கர் மூலமாதான், பேரு வேணாம். ஆளு நல்லா அலைஞ்சாரு, அதுல குறை சொல்ல முடியாது, சித்திரை வெயில்ல சத்துவாச்சாரி, பாகாயம்னு பதினோரு வீடு காட்டுனாரு (வேலூர் வெயில் தெரியும்ல). ஆனா "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க"ன்னு ஒரே நச்சு. அவரு குடுத்த வில்லங்கச் சான்று (வீட்டு மேல என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாகியிருக்குன்னு காட்டுற பேப்பர்) 13 வருஷத்துக்குத்தான், நானே பதிவுத்துறை வெப்சைட்ல 30 வருஷத்துக்குப் போட்டுப் பாத்தா 2009ல ஒரு பேங்க் அடமானம், கடன் கட்டியாச்சாம் ஆனா அடமானம் தீந்ததுக்கான ரசீத பதிவு ஆபீஸ்ல பதியவே இல்ல. ஓனர் அதப் பதிஞ்ச அப்புறம்தான் அக்ரிமெண்ட் போட்டோம். கமிஷன் 2 பர்சன்ட்னாரு, பேசி 1க்கு வந்துச்சு, வீடு பாக்கப் போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2ன்னு 9 பர்சன்ட் தனியா எடுத்து வைங்க. அப்புறம் மோட்டார் போடச் சொல்லி தண்ணிய வாயில வச்சுப் பாருங்க, ஒரு வீட்ல சூப்பர் டைல்ஸ்னு மயங்கிட்டோம், பாத்ரூம் பக்கெட் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையா படிஞ்சிருந்தத என் வீட்டம்மாதான் கவனிச்சாங்க.