95-ஆ, 2.0-வா, எஸ்ஏசியா: கோஸ்ட் இன் த ஷெல்லில் எந்த வட்டு?

1995-ல் வந்த கோஸ்ட் இன் த ஷெல் என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தின் நடுவில் ஓர் இடம் வரும். தொழிற்சாலையிலிருந்து தானாக எழுந்து ஓடி, சாலையில் லாரியில் அடிபட்ட ஓர் இயந்திரப் பெண்ணுடல் பாதி மட்டும் மிச்சமாகக் கிடக்கிறது. பொன்னிற முடி, பொம்மை முகம். சுற்றி நிற்கும் அதிகாரிகள் அதை ஏதோ பறிமுதல் செய்த சாமான் மாதிரி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போது அது பேச ஆரம்பிக்கிறது, ஆண் குரலில். நான் ஓர் உயிர், எனக்கு அரசியல் அடைக்கலம் வேண்டும் என்கிறது. அந்த உடலும் அந்தக் குரலும் ஒட்டாமல் நிற்கின்றனவே, அதில்தான் காட்சியின் மொத்த நடுக்கமும் இருக்கிறது.

இப்போது 2.0 வட்டைப் போட்டு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண் குரல்!

ஆகவே யாராவது "கோஸ்ட் இன் த ஷெல் பார்க்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்குவது?" என்று கேட்டால் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. மற்ற படங்களில் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது அட்டையும் கூடுதல் சமாச்சாரங்களும்தான். இங்கே படமே மாறுகிறது.

முதலில் 2.0 கதையை முடித்துவிடுகிறேன், அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எண்ணைப் பார்த்து இரண்டாம் பாகம் என்று நினைப்பவர்களும் உண்டு, "மேம்படுத்திய பதிப்பு, அப்போ இதுதானே நல்லது" என்று எடுப்பவர்களும் உண்டு. 2008-ல் இயக்குநர் மமோரு ஓஷியே தன் படத்தைத் திரும்பக் கையில் எடுத்துச் சில காட்சிகளை முப்பரிமாண சிஜியில் (கணினி வரைகலையில்) புதிதாகச் செய்தார், பச்சையாக இருந்த கணினித் திரைகளையும் நிறச்சாயலையும் ஆரஞ்சுப் பக்கம் தள்ளினார், ஒலியை ஸ்கைவாக்கர் சவுண்ட் ஒலிக்கூடத்தில் புதிதாகக் கலக்கவைத்தார், பழைய நடிகர்களையே வைத்து வசனத்தைத் திரும்பப் பதிவு செய்தார், அந்தப் பாதி உடலுக்குள்ளிருந்து பேசும் பப்பெட் மாஸ்டருக்கு மட்டும் இயேமாசா கயூமியை எடுத்துவிட்டு யோஷிகோ சகாகிபாராவைப் பேசவைத்தார். அவர் படம், அவர் உரிமை, சரி. ஆனால் தொடக்கத்தில் படத்தின் நாயகி மேஜர் கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்த முதல் காட்சி, அனிமே என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கும் எங்கேயோ பார்த்த ஞாபகம் இருக்கும் காட்சி, அதில் கையால் வரைந்த மேஜர் போய் சிஜி மேஜர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஷாட்டில் மறுபடி கையால் வரைந்த உருவம் வந்துவிடும். ஒரே ஆள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முகம் மாற்றிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது. 2008-ல் புதிதாகத் தெரிந்த சிஜி இன்று பார்க்கையில் 1995 ஓவியத்தைவிடப் பழசாகத் தெரிவதுதான் வேடிக்கை.

ஒலி மட்டும் 2.0-வில் அருமை. துப்பாக்கிச் சத்தம், தண்ணீர், கனரக டாங்க் நகரும் அதிர்வு எல்லாம் அறையை நிறைக்கும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கடைசிச் சண்டையை மட்டும் அதில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் அது ரசிகர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கும் வட்டு. முதல்முறை பார்ப்பவர் கையில் கொடுக்கவே கூடாது.

இதில் இன்னொரு சிக்கல் பழைய வட்டு வாங்குபவர்களுக்கு. 2009-ல் வட அமெரிக்காவில் வந்த ப்ளூ-ரேயில் முக்கியப் படமே 2.0தான், 1995 அசலை 1080ஐ என்ற ஒருபடி குறைந்த தரத்தில் கூடுதல் சமாச்சாரம் மாதிரி ஓரத்தில் வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளையைத் திண்ணையில் படுக்கவைத்த கதை. 2014-ல்தான் அசல் படம் தனி ப்ளூ-ரேயாக 1080பியில் வந்தது. அட்டையில் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு என்று போட்டிருக்கும், அது படத்தின் வயது என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் படத்துக்கு மூலமான மசமுனே ஷிரோவின் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 1989-ல் தொடராக வர ஆரம்பித்த கணக்கு. கூடுதல் சமாச்சாரம் என்று அதில் ஒன்றும் கிடையாது. படம் மட்டும்.

அப்புறம் 4கே. ஜப்பானில் 2018-லும் அமெரிக்காவில் 2020-லும் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வரைந்த படத்துக்கு எதுக்குப்பா 4கே" என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. 95 படம் செல் எனப்படும் ஒளிபுகும் தாள்களில் கையால் வரைந்து, கணினி வேலை சேர்த்து, கடைசியில் 35 மிமீ ஃபிலிமில் நிற்கும் படம். ஃபிலிம் இருக்கும்வரை அதை நல்ல ஸ்கேனரில் மறுபடி ஓட்டி, டிவிடியில் சேறாகக் கலந்துபோன விஷயங்களையெல்லாம் வெளியே எடுக்கலாம். படத்தின் நடுவில் வசனமே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் நகரத்தை மட்டும் காட்டுவார்களே, கால்வாயில் படகு, தலைக்கு மேல் விமானத்தின் நிழல், மழை, கண்ணாடிக்குப் பின்னால் தன்னைப் போலவே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதை மேஜர் பார்ப்பது. ஹாங்காங்கை மனதில் வைத்து வரைந்த நகரம் அது. டிவிடியில் அது வெறும் மூட்டமான சாம்பல் நிறம். 4கேயில் விளம்பரப் பலகையின் ஓரத்தில் துரு தெரிகிறது, சுவரில் ஈரம் வழிந்த கோடு தெரிகிறது, வானத்தில் ஃபிலிம் கிரெய்ன், அந்த மணல் போன்ற பொடிப் புள்ளிகள், மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் எச்டிஆரில் நியான் பலகைகள் இருட்டிலிருந்து பிரிந்து நிற்கின்றன.

எல்லா ஷாட்டும் அப்படி ஆகிவிடாது. உருமறைப்பு உடை மங்கி மறைவது மாதிரி அந்தக் காலத்துக் கணினியில் செய்து சேர்த்த ஷாட்களில் எடுப்பதற்கு அவ்வளவு விவரம் இல்லை, அவை கொஞ்சம் மென்மையாகவே தெரியும். அது வட்டின் குற்றம் இல்லை. நல்ல 4கே டிவி இல்லாதவர்களுக்கு 2014 ப்ளூ-ரே போதும், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

இன்னொன்று, கடைசி டைட்டில் ஓடும்போது என்ன இசை வருகிறது என்று பாருங்கள். கெஞ்சி கவாயின் அந்தக் கோரஸ், பழைய ஜப்பானிய மொழியில், திருமணத்துக்குப் பாடும் பாட்டின் சாயலில் எழுதி, பல்கேரியக் கூட்டுப்பாடல் பாணியில் நாட்டுப்புறப் பாடகிகளை வைத்துப் பாடவைத்தது. மூன்று முறை வரும்: மேஜரின் உடல் உருவாகும்போது, நகரக் காட்சியில், முடிவில். கடைசியில் இரண்டு மனங்கள் இணையும் கதைக்குக் கல்யாணப் பாட்டு ஏன் என்பது மூன்றாம் முறை கேட்கும்போதுதான் உறைக்கும். ஆனால் ஆங்கில டப்பிங்கோடு வெளிநாடுகளுக்குப் போன பதிப்பில் அந்த இடத்தில் பாசஞ்சர்ஸ் குழுவின் ஒரு பாட்டைப் போட்டிருந்தார்கள். யு2 ஆட்களும் பிரையன் ஈனோவும் சேர்ந்த குழு, பாட்டும் கெட்டதில்லை, ஆனால் மூன்று முடிச்சில் மூன்றாவதைப் போடாமல் பந்திக்குக் கூப்பிட்டது போல ஆகிவிட்டது. அந்தப் பதிப்புதான் 1996 ஆகஸ்டில் பில்போர்டு வீடியோ விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானுக்கு வெளியே பலர் இந்தப் படத்துக்குள் வந்ததே அந்த விஎச்எஸ் வழியாகத்தான்.

சரி, படம் ஒருபக்கம். எதிர்ப்பக்கத்தில் ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் என்ற தொடர், எல்லோரும் சொல்வதுபோல எஸ்ஏசி. கெஞ்சி கமியாமா இயக்கியது, 2002-ல் தொடங்கி 26 எபிசோடு, 2004-ல் இரண்டாம் சீசனாக செகண்ட் கிக் இன்னொரு 26, 2006-ல் சாலிட் ஸ்டேட் சொசைட்டி என்ற நீளப்படம். படத்துக்கும் இதற்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது, ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். குரலும் அதே குரல்கள்: மேஜருக்கு அத்சுகோ தனாகா (2024-ல் காலமானார்), அவளுடைய சகாக்களில் பாத்தோவுக்கு அகியோ ஓட்சுகா, தொகுசாவுக்கு கோயிச்சி யமாதேரா.

எது உசத்தி என்று ரசிகர்கள் இருபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பிரமிப்போடு பார்க்கிறேன், ஆனால் திரும்பத் திரும்பப் போடுவது எஸ்ஏசியைத்தான். ஓஷியின் மேஜர் தனக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பவள். நான் யார் என்ற கேள்வியைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. கமியாமாவின் மேஜர் ஒரு குழுவை வைத்து வேலை வாங்குபவள், கிண்டல் அடிப்பவள், சில சமயம் எரிந்து விழுபவள். அவர்கள் வேலை செய்யும் பாதுகாப்புப் படையான பிரிவு 9 ஓர் அலுவலகமாகவே தெரியும், மேலிடத்து அரசியல், பட்ஜெட், கோப்பு, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு.

முதல் சீசனின் முக்கியக் கதையான லாஃபிங் மேன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நேரலைத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் ஒரு நிறுவனத் தலைவருக்கு நேரே துப்பாக்கி நீட்டுகிறான். சுற்றி அத்தனை பேர், அத்தனை கேமரா. ஒருவருக்கும் அவன் முகம் தெரியவில்லை, எல்லோர் கண்ணிலும் கேமராவிலும் அவன் முகத்தின்மேல் ஒரு சிரிக்கும் சின்னம் ஒட்டிக்கொண்டு கூடவே நகர்கிறது. அதன்பிறகு அவன் பெயரில் அவனுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அசல் யார், நகல் யார், அசல் என்று ஒருவன் இருந்தானா என்று கேள்வி போகிறது. 2002-ல் எழுதியது இது, ஒரு மீம் எப்படிப் பரவுகிறது என்று நாமெல்லாம் தினமும் பார்ப்பதற்கு எவ்வளவோ முன்னால்.

இங்கே வட்டு விஷயத்துக்கு வருகிறேன். எஸ்ஏசிக்கு இரண்டு சுருக்கத் தொகுப்புகள் உண்டு, முதல் சீசனை த லாஃபிங் மேன் என்றும் இரண்டாவதை இண்டிவிஜுவல் இலெவன் என்றும் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் அடக்கியவை. நேரமில்லாதவர்களுக்கு வசதியாகத் தெரியும். வாங்காதீர்கள். முதல் சீசன் எபிசோடுகள் இரண்டு வகை, முக்கியக் கதையோடு சேர்ந்தவை, தனியாக நிற்பவை. சுருக்கியபோது போனது பெரும்பாலும் தனியாக நிற்பவைதான். தாச்சிகோமா, அந்தக் குழந்தைக் குரலில் பேசும் சிலந்தி டாங்க், யாரிடமும் சொல்லாமல் ஊர் சுற்றக் கிளம்பி, காணாமல் போன நாயைத் தேடும் ஒரு சிறுமியோடு சுற்றும் எபிசோடு ஒன்று இருக்கிறது. போகிற வழியில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஓர் இயக்குநரின் மூளை, அதற்குள் முடியவே முடியாத ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யாரும் வெளியே வர விரும்பாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். மேஜர் போகிறாள், பார்க்கிறாள், கண்ணில் நீரோடு எழுந்து வருகிறாள். முக்கியக் கதைக்கு இது தேவையில்லைதான். ஆனால் சீசன் முடிவில் தாச்சிகோமாக்கள் செய்யும் ஒரு காரியம் நம்மை உலுக்குவது அவற்றோடு இப்படி ஊர் சுற்றியதால்தான்.

எஸ்ஏசியில் டிவிடியா ப்ளூ-ரேயா என்ற கேள்விக்கு எனக்குப் பெரிய வைராக்கியம் இல்லை. அது கணினியிலேயே தயாரான தொடர், திரும்ப ஸ்கேன் செய்ய நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. ப்ளூ-ரேயில் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் 95-க்கு நடந்த மாயம் இங்கே நடக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஒவ்வொரு எபிசோடுக்கும் பின்னால் வரும் தாச்சிகோமா குட்டி நகைச்சுவைத் துணுக்குகள் வட்டில் இருக்கின்றனவா என்று. ஆங்கில டப்பிங்கும் இந்தத் தொடரில் தைரியமாகக் கேட்கலாம், மேரி எலிசபெத் மெக்ளின் மேஜராகப் பேசியது அவ்வளவு பொருத்தம். யோகோ கன்னோவின் இசை, ஒரிகா ரஷ்ய மொழி கலந்து பாடும் தொடக்கப் பாட்டு. 52 எபிசோடு பார்த்தும் நான் அதைத் தள்ளிவிட்டதில்லை, அதோடு ஓடும் சிஜி காட்சிகள் வயதாகித் தெரிந்தும்கூட.

மற்றவை வேகமாக. இன்னொசன்ஸ், 2004, ஓஷியின் இரண்டாம் படம், கான் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்தது. பாத்தோவும் அவனுடைய பேசட் ஹவுண்ட் நாயும்தான் நாயகர்கள். கன்பூசியஸ், மில்டன், டேக்கார்ட் என்று மேற்கோளாகவே பேசிக்கொள்வார்கள், அதனால் சப்டைட்டில் ஒழுங்காக இல்லாவிட்டால் படம் அம்போ. வட அமெரிக்காவில் முதலில் வந்த டிவிடியில் காது கேளாதோருக்கான வரிகளையே சப்டைட்டிலாகப் போட்டு, காலடிச் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம் எல்லாவற்றையும் எழுத்தில் ஓட்டினார்கள். தத்துவமும் ஹெலிகாப்டரும் மாறி மாறி. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனம்.

அரைஸ், 2013-ல் தொடங்கிய நான்கு பாகம், மேஜரின் ஆரம்ப நாட்கள். இதையே பிறகு வெட்டி, வரிசை மாற்றி, புதிதாகக் கொஞ்சம் சேர்த்து 2015-ல் தொலைக்காட்சித் தொடராகவும் விட்டார்கள். நான்கு பாகமாகவே பாருங்கள். புது மேஜர் மாயா சகாமோத்தோ, 95 படத்தின் கடைசிக் காட்சியில் சிறுமி உடலில் கேட்கும் குரல் அவருடையதுதான், அந்த ஒரு தொடர்பு எனக்குப் பிடிக்கும். கதை பிடிக்கவில்லை. எஸ்ஏசி 2045, நெட்ஃப்ளிக்ஸில் 2020-லும் 2022-லும் வந்த முழு சிஜித் தொடர்: முதல் நான்கு எபிசோடைத் தாண்டினால் பழகிவிடும் என்கிறார்கள், நான் தாண்டினேன், பழகவில்லை. 2026-க்கு சயின்ஸ் சாரு ஸ்டுடியோ அறிவித்திருக்கும் புதிய தொடரை மாங்காவின் குறும்பு அதில் திரும்பி வருமா என்ற ஒரே ஆசைக்காகப் பார்ப்பேன்.

ஆக, ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 95, 4கேயோ 2014 ப்ளூ-ரேயோ, ஜப்பானிய ஒலியில். இரண்டு என்றால் கூட எஸ்ஏசி முதல் சீசன் முழுசாக. நண்பர்களுக்குக் கடன் கொடுப்பதாக இருந்தால் எஸ்ஏசியின் முதல் வட்டை மட்டும் கொடுங்கள், மிச்சத்தைக் கேட்டு அவர்களே வருவார்கள். 95 வட்டைக் கொடுக்காதீர்கள், என்னுடைய முதல் டிவிடி அப்படிப் போனதுதான், இன்றுவரை திரும்பவில்லை.