பார்ப்பவர் கண்ணுக்கா, ஓட்டுபவர் கைக்கா? யாழ்ப்பாணத்துக் கார் மாற்றங்கள் குறித்து ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் காரை மாற்றியமைக்க நினைப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. தமக்குப் பிடித்ததையும் தம் ஓட்டத்துக்கு வேண்டியதையும் செய்துகொள்வது ஒன்று. காண்பவர் பாராட்டும்படி செய்வது மற்றொன்று. இரண்டும் ஒரே கராஜில், ஒரே மெக்கானிக்கின் கையால், ஏறக்குறைய ஒரே செலவில் நடக்கக்கூடியவை என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால், பணம் காரின் எந்தப் பகுதிக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, பலருக்குக் கையில் இருந்த பழைய விற்ஸையோ லான்சரையோ புதுப்பிப்பதே கைக்கெட்டிய வழியாக இருந்தமையால், இந்த வேறுபாடு நம் வீதிகளில் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் றிம்மை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல றிம்மில் 175/65 ரயர் (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்) பூட்டிய சிறிய கார் ஒன்றுக்கு 16 அங்குல அலோய் றிம்மும் 195/45 ரயரும் போட்டால், சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாது, வேகமானியும் பிழையாகக் காட்டாது. ஆனால் ரயரின் பக்கச் சுவர் 114 மில்லிமீற்றரில் இருந்து 88 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். குழியில் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். பண்ணைத் தாம்போதியிலும் ஏ9 வீதியிலும் இது பொருட்டில்லை. மாரி முடிந்த பின் உள் ஒழுங்கைகளில் ஓடும்போதுதான் றிம் வளைவதும் ரயர் வெடிப்பதும் நிகழும். பக்கச் சுவர் குட்டையானால் வளைவுகளில் கார் இறுக்கமாகத் திரும்பும் என்பது உண்மையே. அந்த உணர்வை விரும்பி, முதுகுவலியையும் சேர்த்து ஏற்றுக்கொள்பவரின் தெரிவு அவருடைய சொந்த இரசனை. ஆனால் தட்டையான குடாநாட்டில் அப்படி அனுபவித்து ஓட்டுவதற்கு மலைப்பாதை வளைவுகள் ஏது என்ற கேள்வியும் எழாமல் இல்லை.

காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிறிங்கை வெட்டுவது இதைவிட மோசமானது. சுருள் குறையும்போது ஸ்பிறிங் விறைக்கிறது; சொக் அப்சோபர் மேலும் கீழும் இயங்குவதற்கான தூரமும் சுருங்குகிறது. வீட்டுப் படலைக்கு முன்னால் உள்ள வேகத்தடையை அடி தட்டாமல் கடப்பதற்காகக் காரைச் சாய்வாக ஊர்ந்து ஏற்றும் இளைஞரைப் பார்க்கும்போது, இதில் ஓட்டுபவருக்கு என்ன இன்பம் என்று எனக்கு விளங்குவதில்லை. நின்றபடி படம் எடுப்பதற்கு மட்டுமே அந்தத் தாழ்வு அழகு. கராஜ் ஒன்றில் பெயின்ற் அடிப்பவரிடம் ஓர் இளைஞர், "அண்ணை, நேரிலை எப்பிடி இருந்தாலும் பரவாயில்லை, போட்டோவிலை நல்லாத் தெரியுமோ?" என்று கேட்டதை அருகில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் வேலையை நிறுத்தாமலே, "தம்பி, வெயிலுக்குள்ளை விடுறது காரையோ போட்டோவையோ?" என்றார். இந்த ஒப்பீட்டின் பாதியை அவர் அங்கேயே முடித்துவிட்டார்.

இதிலிருந்து, ஆரவாரமான மாற்றம் எல்லாம் பாராட்டுக்காக, அடக்கமானது எல்லாம் இரசனைக்காக என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மொறிஸ் மைனர் வைத்திருப்போரைப் பாருங்கள். 1948இல் வெளிவந்த அந்தக் காருக்கு நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிறேக்கைவிட வலுக் குறைந்த பழைய டிரம் பிறேக். நேர்முனை நிலத்தொடுப்பு, அதாவது பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய றேடியோ ஒன்றைப் பூட்ட வேண்டுமானால் அந்த இணைப்பை மாற்றவேண்டும். "ஒறிஜினலைக் கெடுத்துப் போட்டியள்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, பிறேக்கையும் தொடாமல், இருக்கைப் பட்டியும் பூட்டாமல் பேரப்பிள்ளைகளை ஏற்றிச் செல்பவரும் ஊரின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டவர்தான். மாறாக, வெளியே, திரும்பும் திசையைக் காட்டும் கைகாட்டி முதல் குரோம் வரை அப்படியே வைத்துக்கொண்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக்கும், என்ஜினுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடிக்குள் மறைந்திருக்கும் மின்னணுப் பற்றவைப்பும் பூட்டியவர், எவர் கண்ணிலும் படாத இடத்தில் செலவழித்திருக்கிறார். அவருடைய காரை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிறேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பாராட்டுக்கு இடமே இல்லாத ஒரு மாற்றத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை நெருக்கப்படும் அளவு) குறைந்த மொறிஸ், ஒஸ்ரின் என்ஜின்களைச் சிறிதளவு பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். புகையும் நாற்றமும் யாருடைய இரசனைக்கும் உரியவை அல்ல. ஆயினும், என்ஜினின் இயல்பை அறிந்து செய்யப்பட்ட வேலை என்ற வகையில், இன்று கண்ணைப் பறிக்கும் நீல விளக்குகளைவிட அதையே நான் உயர்ந்த மாற்றமாகக் கருதுகிறேன்.

பிறர் ஒப்புதலைத் தேடுவதில் நியாயம் உள்ள இடங்களும் உண்டு. நிறத்தை மாற்றுபவர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டியவர் பொலிஸாருக்கும், அதைவிட முக்கியமாக, ஒழுங்கையில் கைக்குழந்தையை உறங்கவைத்த அயலவருக்கும் பதில் சொல்ல வேண்டும். காரை எப்போதாவது விற்கும் எண்ணம் இருந்தால், வாங்க வருபவரின் விருப்பமும் கணக்கில் வரும். வெட்டி ஒட்டிய பம்பருக்கு அவர் ஒரு சதமும் கூட்டித் தரமாட்டார், விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வீட்டில் ஒரே ஒரு கார், அதில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிச் செல்ல வேண்டும் என்றால், அம்மா ஏறி இறங்கும் உயரமும் ஒப்புதல் பெற வேண்டிய ஒன்றே.

இவை நீங்கலாக, நண்பர் வட்டத்தின் கைதட்டலா சொந்த விருப்பமா என்ற இடத்தில் நான் தயங்காமல் இரண்டாவதையே தெரிவுசெய்வேன். கைதட்டுபவரின் விருப்பம் அடுத்த ஆண்டு வேறொரு றிம்முக்கு மாறிவிடும். பழைய றிம்முக்கான தவணைப் பணம் அப்போதும் கட்டி முடிந்திருக்காது. சொந்த விருப்பமும் மாறும்தான், ஆனால் கழற்றிய பாகங்களை எறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் ஒரு பின்னேரத்தில் திரும்பப் பூட்டிவிடலாம். வெட்டிய ஸ்பிறிங்குக்கு அந்த வசதி இல்லை.