பொன்னாடையா, பள்ளிக்கூட மரத்தடியா?

வளரிளம் பருவத்தினருக்குச் சுகாதாரக் கல்வி அளிக்கும் தொண்டு நிறுவனங்களில் திட்ட நிதி முடிந்தால் பலருக்கு வேலையும் முடிந்துவிடும். அதனால் வழியனுப்பும் நாள் அடிக்கடி வருகிறது. நாங்கள் அதை இரண்டு விதமாக நடத்திப் பார்த்திருக்கிறோம்.

அலுவலகக் கூட்டம் எளிது. பொன்னாடை, நினைவுப் பரிசு, கேசரி, காராபூந்தி என்று ஒரு மணி நேரத்தில் முடியும். கணக்குப் பிரிவினர், ஓட்டுநர் எல்லோரும் கலந்துகொள்ளலாம்.

பணி முடிந்து போகிறவர், தான் பாடம் நடத்திய பள்ளிக்கே போய் விடைபெறுவது சிரமம்தான். தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும், தேர்வு நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஆனாலும் களப்பணியாளருக்கு நான் இதையே கேட்பேன். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள் மாதவிடாய் பற்றியும் ரத்தசோகை பற்றியும் கூச்சமின்றிக் கேட்டது அந்த ஒருவரிடம்தான். அவர் சொல்லாமல் போய்விட்டால், விட்டுப்போனார் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்; அடுத்து வருபவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

சென்ற முறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். வாரந்தோறும் விழுங்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு டிக் போட்டிருந்தாள். “ஒரு வாரம்கூட விடவில்லை அக்கா” என்றாள். புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். விடைபெற வந்தவர் அந்த நோட்டை வாங்கி அவரிடம் கொடுத்து, “அடுத்த வாரத்திலிருந்து இந்த அக்காவிடம் காட்டு” என்றார்.