ஸ்காலா: நான்கு வருடம் எழுதிய பிறகு

ஏழு வருடம் ஜாவாவில் நிரல் எழுதிவிட்டு ஸ்காலா என்ற நிரல்மொழிக்கு வந்தவன் நான். வந்து நான்கு வருடம் ஆகிறது. பில்லிங் மென்பொருள்தான் என் வேலை.

எங்கள் மென்பொருளில் பணம் கட்ட மூன்று வழிகள் இருந்தன: ரொக்கம், கார்டு, யுபிஐ. ஒரு சீல்டு டிரெய்ட் (வகைகள் இவ்வளவுதான் என்று மூடிவைப்பது), அதன் கீழ் வழிக்கு ஒன்றாக மூன்று கேஸ் கிளாஸ்கள் (டேட்டாவை வைக்கும் வகைகள்). கணக்குப் போடும் இடத்திலெல்லாம், எந்த வழி என்று பார்த்துப் பிரிக்கும் ஒரு மேட்ச். போன வருடம் நான்காவதாக வாலட்டைச் சேர்த்தேன். கம்பைல் செய்ததும் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றியதும்), வாலட்டைக் கவனிக்காமல் விட்டிருந்த பதினோரு இடங்களையும் கம்பைலரே எச்சரித்துக் காட்டிவிட்டது. முன்பு இதே வேலையை இஃப்-எல்ஸ் வரிசைகளில் தேடித் தேடிச் செய்து, ஒன்றை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது இன்னும் நினைவிருக்கிறது. ஜாவா 17 முதல் அங்கேயும் சீல்டு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஸ்காலாவில் அது தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது.

கணினி அறிஞர் மார்ட்டின் ஒடர்ஸ்கி ஸ்காலாவை 2001-ல் ஸ்விட்சர்லாந்தின் லோசானில் வடிவமைக்கத் தொடங்கினார். 2004-ல் வெளியே வந்தது. ஜாவாவின் ஜெனரிக்ஸிலும் (ஒரே நிரலைப் பல டேட்டா வகைகளுக்கும் பொருந்த எழுதும் வசதி) பங்கு உள்ளவர் அவர். ஆப்ஜெக்ட் (டேட்டாவும் அதன் செயல்களும் சேர்ந்தது) ஒரு பக்கம், ஃபங்ஷன் (கொடுத்ததை வைத்து விடை தருவது) ஒரு பக்கம் என்று அவர் ஒட்டுப்போடவில்லை. 1 + 2 என்று எழுதினால், அந்தக் கூட்டல் குறி 1 என்ற ஆப்ஜெக்டின் மெதட், அதாவது அதன் செயல். ஃபங்ஷனும் ஆப்ஜெக்ட்தான், அப்ளை என்ற மெதட் உள்ள ஆப்ஜெக்ட். இது புரிந்த நாளில் எனக்கு மொழியே வேறாகத் தெரிந்தது. இரண்டு பாணி என்று தனித்தனியாக யோசிப்பதை அன்றோடு விட்டேன்.

குறைகளும் உண்டு. கம்பைல் ஆக ஜாவாவைவிட நேரம் எடுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மொழி தரும் சுதந்திரம். எங்கள் குழுவில் ஒருவர் வொயில் லூப்போடு (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) ஜாவா போலவே எழுதுவார், இன்னொருவர் எல்லாவற்றையும் ஃப்ளாட்மேப்பில் (ஃபங்ஷன்களைச் சங்கிலியாக இணைக்கும் மெதட்) கோப்பார். இரண்டும் ஓடும், ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் திணறுவார். கடைசியில் உட்கார்ந்து பேசி, டேட்டாவை மாற்றக்கூடாது, பெரிய பகுதிகளைப் பிரிக்க மட்டும் கிளாஸ் என்று முடிவெடுத்தோம். அப்புறம்தான் நிம்மதி.

நாம் எழுதாததைக் கம்பைலரே நிரப்பிக்கொள்ளும் இம்ப்ளிசிட் வசதியின் பழைய குழப்பம், 2021-ல் வந்த ஸ்காலா 3-ல் கிவன் (தருவது), யூஸிங் (பெறுவது) என்று பிரிந்து நன்றாகத் தெளிந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக 3-க்கே போங்கள். குழுவோடு போவதாக இருந்தால், எந்தப் பாணி என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.