பிஐஎஸ் கேர் செயலி: நகைக்குப் பணம் கட்டும் முன்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. நகை வாங்குவோருக்கு அதில் முக்கியமாகத் தேவைப்படுவது ஹால்மார்க்கைச் சரிபார்க்கும் பகுதிதான். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி குறியீடு நகையில் பொறித்திருக்கும்; அதை உள்ளிட்டால், கடையின் பதிவு எண், சோதித்த மையம், நகையின் வகை, தூய்மை ஆகியவை திரையில் வந்துவிடுகின்றன. கையில் இருப்பது வளையலாக இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த நகையை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த வசதியின் அருமை, பழைய நகையை மாற்றப் போய் நொந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை '916 கேடிஎம்' (916 என்றால் 22 காரட்) என்று வாய்ச்சொல்லாகச் சொல்லித்தான் ஒரு கடையில் விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு கடையில் உரசிப் பார்த்தபோது அது 20 காரட்டுக்குத்தான் தேறியது. 40 கிராமில் 36.6 கிராம் சொக்கத் தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் 33.3 கிராம்தான் இருந்தது என்றால், இழப்பைத் தங்கம் இன்று விற்கும் விலையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். கேடிஎம் என்பது காட்மியம் சேர்த்த பொடி வைத்துப் பற்றவைத்ததைக் குறிக்குமே தவிர, தூய்மைக்குச் சான்றாகாது. துண்டுச் சீட்டில் காரட் அளவு எழுதப்படாததால், விற்ற கடையில் போய்க் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

எச்யூஐடி இல்லாத ஹால்மார்க் நகையை விற்க 2023 ஏப்ரல் 1 முதல் அனுமதியில்லை. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு. குறை என்று பார்த்தால், பொறிப்பு மிகச் சிறியதாக இருப்பதால் கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது (தயங்காமல் கேட்கலாம், எல்லாக் கடையிலும் வைத்திருப்பார்கள்). செய்கூலி, சேதாரம், கல்லின் எடை ஆகியவற்றில் நடக்கும் விளையாட்டுகள் எதையும் இந்தச் செயலி காட்டிக்கொடுக்காது.

செயலி பதிவேட்டைத்தான் சரிபார்க்கிறது, உலோகத்தை அல்ல. சந்தேகம் தீராதவர்கள் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்திலேயே நகையைச் சோதித்துக்கொள்ளலாம். 2022இல் அறிவிக்கப்பட்டபடி நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய். பொறித்த அளவைவிடத் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் கடைக்காரர் தர வேண்டும் என்று பிஐஎஸ் விதிகள் கூறுகின்றன. அதைக் கேட்டுப் பெற முறையான ரசீது வேண்டும் என்பதால், வரி மிச்சம் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டை நீட்டும் கடையில் வாங்காமலிருப்பதே நல்லது.