பிரையரா, மீர்ஷாமா? பழைய புகைக்குழாய்களைச் சீராக்குவோருக்கான ஒப்பீடு

புகையிலை பிடிக்கப் பயன்பட்ட பழைய புகைக்குழாய்களை வாங்கிச் சீராக்கிச் சேர்த்து வைப்பதில் ஆர்வம் கொண்டவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பிரையர் மரத்தில் தொடங்குவதா, மீர்ஷாம் என்னும் மென்கல்லில் தொடங்குவதா என்பதையே. இரண்டிலும் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பிரையரில் முன்னவர் விட்டுச்சென்ற தடயங்களை நீக்குவதுதான் வேலை. மீர்ஷாமிலோ அந்தத் தடயங்களுக்குத்தான் மதிப்பு.

மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் அடித்தண்டும் வேரும் கூடும் இடத்தில் திரளும் முண்டுதான் பிரையர். அதைக் கொதிக்க வைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் மெல்ல உலர்த்திய பின்னரே கடைகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரான்சின் செயிண்ட் குளோட் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. மீர்ஷாம் என்பது செபியோலைட் என்னும் கனிமம். துருக்கியின் எஸ்கிசெகிர் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் செதுக்குக் கலைஞர்களிடம் சென்று சிற்பமாக மாறியது.

சீராக்கும் வேலையில் பிரையர் மிகவும் பொறுமையான பொருள். புகையிலை நிரப்பும் கிண்ணத்தினுள் தடித்துப் போன கரிப்படலத்தைச் சுரண்டி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம். உள்ளே ஊறிய பழைய வாடையை, கல்லுப்பையோ பஞ்சையோ நிரப்பி ஆல்கஹாலில் நனைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் பெருமளவு இழுத்துவிடலாம். வெளிப்புறத்தில் விழுந்த பள்ளங்களை, ஈரத்துணியை வைத்துச் சூடான இரும்பால் ஒற்றினால், நீராவியில் மரநார் உப்பி மேலெழும். இறுதியில் கார்னவுபா என்னும் பனைவகை மரத்தின் மெழுகேற்றித் தேய்க்கும்போது நரம்போட்டம் துலங்கி வருவதைப் பார்ப்பதே இந்தப் பொழுதுபோக்கின் பெரிய இன்பம் என்பேன். தவிர்க்க வேண்டியது ஒன்றுண்டு: கிண்ணத்திலிருந்து நீளும் காம்பில் பதித்த தயாரிப்பாளர் முத்திரையின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. அது தேய்ந்தால் குழாயின் வரலாறும் விலையும் சேர்ந்தே போய்விடும்.

இவற்றில் எதையும் மீர்ஷாமில் செய்யலாகாது. நீரில் ஊறினால் இளகும். ஆல்கஹால் பட்டால் பல ஆண்டுகளாகப் படிந்த நிறம் கலையும். உட்புறத்தில் கரிப்படலம் சேரவே விடக்கூடாது. தேன்மெழுகு ஊட்டிய வெண்கல், புகையின் சாற்றை உறிஞ்சிப் பொன்னிறமாகவும் பின் செம்பழுப்பாகவும் மாறுவதற்காகவே சேகரிப்போர் அதை நாடுகிறார்கள். அந்த நிறத்தைத் தேய்த்து வெண்மையாக்குவதைச் சீராக்கல் என்று நான் ஏற்க மாட்டேன். மென்துணியால் துடைப்பதும், தேவைப்பட்டால் மெழுகைப் புதுப்பிப்பதுமே போதும்.

காம்பில் செருகி வாயில் வைக்கும் வாய்க்குழலிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. பழைய பிரையர்களில் பெரும்பாலும் இருப்பது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டு அது பச்சைப் பழுப்பாக மங்கினாலும், படிப்படியாக நுண்ணிய உப்புத்தாள்களால் தேய்த்தால் பழைய கருமை திரும்பும். பழைய மீர்ஷாமில் இருக்கும், அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினால் ஆன குழலோ திருகும்போதே உடையக்கூடியது. உடைந்தால் இணையான மாற்று கிடைப்பது அரிது.

காலத்தைக் கணிப்பதிலும் பிரையருக்கே சாதகம் அதிகம். டப்ளினின் பீட்டர்சன் குழாய்களில் வெள்ளி வளையம் இருந்தால், அதிலுள்ள ஆண்டெழுத்தைக் கொண்டு வெள்ளி சோதிக்கப்பட்ட ஆண்டை அறியலாம். ஆனால் அதே நிறுவனத்தின் நிக்கல் வளையங்களில் காணும் மூவிலை, வேட்டைநாய், கோபுரம் ஆகிய சின்னங்கள் வெறும் அலங்காரமே. அவற்றை வெள்ளி முத்திரை என்று எண்ணி அதிக விலை கொடுத்துவிட வேண்டாம். பழைய மீர்ஷாம்களில் இத்தகைய குறிகள் அரிது. செதுக்கின் பாணியையும் பொருத்தமான தோலுறையையும் வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கும்.

புகைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாயில் புகைத்தாலும் புகையிலை வாய்ப்புற்றுநோய் உள்ளிட்ட கேடுகளைத் தருவதே. இவற்றைப் புகைக்காமல் சேகரித்து மகிழ்வோரும் உண்டு. அவர்களுக்கு மீர்ஷாமின் நிறம் இனி வளரப்போவதில்லை என்பதால், ஏற்கெனவே நன்கு நிறமேறியதைத் தேர்ந்து வாங்குவதே சரி. கைவேலையில் மனம் செல்கிறவர், முத்திரை தெளிவாக உள்ள, கிண்ணத்தின் உட்சுவர் எரிந்து குழியாகாத ஒரு பிரையரில் தொடங்கட்டும். மீர்ஷாமை வாங்கும்போது, காம்பும் குழலும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் உள்ளதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.