‘பிரேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது’: உப்புக் காற்றில் 6 வருட அனுபவம்

வீடு திருகோணமலை உப்புவெளியில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில். வேலை குச்சவெளியில். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம் பிரேக் உள்ள 150 சிசி மோட்டார் சைக்கிளில் 6 வருடமாகப் போய் வருகிறேன். மீற்றர் 70 ஆயிரம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. இஞ்சினில் பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. முன் பிரேக்தான் இரண்டு தடவை விடாமல் பிடித்தது. இரண்டு தடவையும் வெளியே தெரிந்த குறி ஒன்று, காரணம் வேறு. அது விளங்காமல் காசும் நேரமும் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை மூன்றாம் வருடம், மாரி மழை முடிந்த கையோடு. காலையில் கேற்றுக்கு வெளியே உருட்டும்போதே பாரமாக இருந்தது. ரயரில் காற்றுக் குறைவு என்று நினைத்து அடித்தேன், மாற்றமில்லை. சென்ரர் ஸ்டாண்டில் நிறுத்தி, தம்பியைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சில்லைச் சுழற்றினேன். அரைச் சுற்றுக்கூட வரவில்லை. டிஸ்க்கை இரண்டு பேட்டுகளால் கவ்விப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கப் பேட் அடையாளக் கோடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சம்.

இந்த வித்தியாசத்தைக் கண்டால் முதலில் கலிப்பர் வழுக்கும் இரண்டு பின்களை (சிறு இரும்புத் தண்டுகள்) பாருங்கள். இந்த வகைக் கலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள் பேட்டைத் தள்ள, கலிப்பர் முழுதும் பின்களில் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுக்கும். இந்தப் பின் இறுகினால் கலிப்பர் திரும்பி நகராது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு பின் கையோடு வந்தது. மற்றதைக் குறட்டால் முறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. கிறீஸ் காய்ந்து, கபில நிறத் துருவும் உப்பும் சேர்ந்து மாவாகக் கொட்டியது. அதன் ரப்பர் உறையில் தலைமுடி அளவு வெடிப்பு. அந்த வெடிப்பு போதும், கடற்காற்று உள்ளே போக. நைஸ் வாட்டர் பேப்பர் போட்டுத் துடைத்து, புது உறையும் பேட்டும் போட்டு, சிலிக்கோன் கிறீஸ் பூசினேன். பெயாரிங்குக்குப் போடும் சாதாரண கிறீஸைப் பூசாதீர்கள், ரப்பர் ஊதிப் பழையபடி இறுகும். அப்புறம் சில்லு மூன்று சுற்றுச் சுற்றியது.

இரண்டாவது தடவை ஐந்தாம் வருடம். காலையில் உருட்டினால் பூப்போல வரும். நிலாவெளி வரை ஒன்றும் தெரியாது. இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும் லீவர் கல்லுப்போல் ஆகும். குச்சவெளியை நெருங்கும்போது எக்ஸிலேற்றரை விட்டால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் நிற்கும். டிஸ்க்கில் இரண்டு துளி தண்ணீர் விட்டேன், ‘சுர்’ என்று ஆவியாகிப் போனது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் தானாக இளகிவிடும்.

பழைய நினைப்பில் பின்களைத் துடைத்தேன். சரிவரவில்லை. கராஜ் ஒன்றில் பேட்டும் கலிப்பர் சீலும் மாற்றினார்கள். இரண்டாம் நாள் அதே கதை. கடைசியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான மெக்கானிக் ஐயாதான் சொன்னார்: “தம்பி, இனிச் சாமான் ஒன்றும் வாங்காதையும். பிடிச்சுக்கொண்டு நிக்கேக்குள்ள நிப்பிளைக் கொஞ்சம் இளக்கிப் பாரும்.”

மறுநாள் பிடித்த இடத்திலேயே நிறுத்தினேன். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. கலிப்பரில் ஒயிலைத் திறந்துவிடும் சின்ன முனையான நிப்பிளில் மீன் தொட்டிக் குழாய் ஒன்றைச் செருகி, ஸ்பானரால் கால் சுற்று இளக்கினேன். பிரேக் ஒயில் பீறிட்டு வந்தது, உடனே சில்லு விட்டது. அதாவது உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. பிழை மேலே, லீவரடியில் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் அல்லது அங்கிருந்து கலிப்பருக்கு வரும் குழாயில். நிப்பிளை இளக்கியும் சில்லு விடாவிட்டால் பிழை கலிப்பரில்: பிஸ்டன் அல்லது பின். அடுத்த நாள் பிடித்தபோது நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டரில் குழாய் பூட்டும் போல்ட்டைத் துணி சுற்றி இளக்கினேன். சில்லு விட்டது. அப்படியென்றால் பிழை மாஸ்டர் சிலிண்டரில்தான். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டிருந்தால் குழாய் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் தாங்கியின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துவாரம் இருக்கிறது. சூட்டில் விரியும் ஒயில் அதன் வழியாகத்தான் தாங்கிக்குத் திரும்பும். அது அடைபட்டால் விரிந்த ஒயிலுக்குப் போக இடமில்லை, கலிப்பர் பிஸ்டனைத் தள்ளும். பேட் உரச, சூடு கூட, ஒயில் இன்னும் விரியும். மூடியைத் திறந்து லீவரை மெல்ல அமத்தினால் தொடக்கத்தில் ஒயிலின் மேல் சின்ன ஊற்றுப்போல் எழும்ப வேண்டும். (முகத்தைத் தள்ளி வையுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.) எனக்கு அசைவே இல்லை. பழைய ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது, அடியில் களிபோல் ஒரு படிவு. வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால் துவாரத்தைத் திறந்து, கழுவி, புது டொட் 4 பிரேக் ஒயில் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுத்தேன். இந்த ஒயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற முன் லீவரையும் ஆட்டிப் பாருங்கள். மாற்று லீவரின் மூக்கு நீளமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போதும் அதே துவாரம்தான் மூடுபடும்.

பின் டிரம்மில் ஒரே தடவைதான் தொல்லை. பெடல் சுழலும் இடம் துருப்பிடித்துத் திரும்பி வரவில்லை. கழற்றித் துடைத்துக் கிறீஸ் போட்டதும் சரி.

இப்போது மாரிக்கு முன்னும் பின்னும் பின்களைத் திறக்கிறேன், 2 வருடத்துக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுகிறேன். சேர்விஸில் பிரஷர் தண்ணீரைக் கலிப்பரில் அடிக்க விடுவதில்லை. திருத்தி ஒரு வருடமாகிறது, குச்சவெளி போய்ச் சேரும்போதும் லீவர் காலையில் இருந்தபடியே இருக்கிறது. ஆனால் போன மாதம் கழற்றியபோது கலிப்பர் பிஸ்டன் விளிம்பில் குறோம் பொரிந்து அரிசிக் குறுணி அளவில் ஒரு புள்ளி கண்டேன். சீல் உட்காரும் இடத்துக்கு அது இன்னும் வரவில்லை. வாடைக் காற்று தொடங்க முதல் அந்தப் பிஸ்டனை மாற்ற வேண்டும்.